எஞ்சின் கொதிப்பதேன்? பழைய வண்டி வைத்திருப்போர் அறிய வேண்டியவை

தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களுக்கு மோட்டார் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றவரைப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், சம்பளம் வாங்கியதும் வீட்டுச் சாமான் வாங்கி வரவும் அது வேண்டியிருக்கிறது. பேருந்து நிற்கும் பெருஞ்சாலை வீட்டு வரிசையிலிருந்து சில கல் தொலைவில் இருக்கும்போது வண்டி இல்லாத குடும்பம் படும் பாட்டை நாம் எல்லோரும் அறிவோம்.

ஆயினும், நம்மில் பலர் வாங்குவது புதிய வண்டியன்று. வேறொருவர் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் வண்டியே நம் சேமிப்புக்கு எட்டுகிறது. 1985ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த புரோட்டோன் சாகா, 1994ஆம் ஆண்டில் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவற்றின் பழைய வண்டிகளும், அவற்றிற்கும் மூத்த ஜப்பானிய வண்டிகளும் இவ்வாறு கைமாறிக் கைமாறி நம் வாசலுக்கு வந்து சேர்கின்றன. இத்தகைய வண்டிகளை நடுவழியில் நிறுத்திவிடும் கோளாறுகளுள் முதன்மையானது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது. நாம் அதனைக் ‘கொதித்துவிட்டது’ என்கிறோம்.

கொதித்த வண்டியைச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓட்டினாலே சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும். அதன்பின் ஆகும் பழுதுச் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையையே எட்டிவிடும். ஆனால், தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் ஒரு ரப்பர் குழாயோ, ஒரு மூடியோ மாற்றுவதோடு வேலை முடிந்திருக்கும். இக்கட்டுரையின் நோக்கம் நம்மை மெக்கானிக் ஆக்குவதன்று. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டு பட்டறைக்குச் சென்றால் வேண்டாத செலவைத் தவிர்க்கலாம் என்பதே நாம் கூற விரும்புவதாகும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் தோன்றும் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. அலுமினியம் உருகுவதற்கோ 660 டிகிரி போதும். அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த வெப்பம் உடனுக்குடன் வெளியேற்றப்படுவதே. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பழைய எஞ்சின்களில் அதனினும் குறைவு, வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வெளியே போகிறது. நீர் தன் வேலையைச் செய்யாவிடில் அந்த வெப்பம் அனைத்தும் எஞ்சினிலேயே தங்கிவிடுகிறது.

நீர் செல்லும் வழி மிக எளியது. ரேடியேட்டரின் அடிப்பக்கத்திலிருந்து கீழ்க் குழாய் வழியாக ஆறிய நீர் வருகிறது. தண்ணீர் பம்பு அதனை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றிச் சூடேறிய நீர் மேல் குழாய் வழியாக மீண்டும் ரேடியேட்டரை அடைகிறது. அங்கே மெல்லிய குழல்களினூடே செல்லும்போது காற்று பட்டு ஆறுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றும், நிற்கும்போது விசிறியும் அக்காற்றைத் தருகின்றன.

இவ்வழியில் இரண்டு காவலர்கள் உள்ளனர். முதலாவது தெர்மோஸ்டாட். அது பெரும்பாலும் எஞ்சினிலிருந்து மேல் குழாய் புறப்படும் இடத்தில் இருக்கும் சிறு வாயில். அதனுள் ஒரு வகை மெழுகு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாயில் மூடியிருக்கும். நீர் 82 அல்லது 88 டிகிரி அளவுக்குச் சூடானதும் மெழுகு இளகி விரிந்து வாயிலைத் திறக்கும்.

இரண்டாவது காவலர் ரேடியேட்டர் மூடி. பலர் இதனை வெறும் மூடி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இது நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் கருவி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், நல்ல மூடியின் அழுத்தத்தில் 115 டிகிரியைக் கடந்தும் கொதிப்பதில்லை. மூடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மலையேறும்போது இது இன்னும் முக்கியமாகிறது. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் திறந்த பாத்திரத்து நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் பழைய வண்டிகள் ஆவி பறக்க நிற்பதற்குப் பழுதான மூடியும் ஒரு காரணம்.

முதலில் பாதுகாப்பு

சோதனைகளைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை. சூடாக இருக்கும் எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாகப் பொங்கி முகத்திலும் மார்பிலும் பாயும். கண் பார்வையையே இழக்க நேரிடலாம். அவசரம் என்றாலும் அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். மேல் குழாயைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிந்து, அமுக்கினால் அது இளக்கமாகவும் இருந்தாலன்றி மூடியில் கை வைக்கலாகாது. அப்போதும் தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, மெல்லத் திருப்ப வேண்டும்.

மின்சார விசிறி உள்ள வண்டிகளில், சாவியை எடுத்த பின்னும் விசிறி தானாகவே சுழலத் தொடங்கலாம். ஆகையால் விரலையும் சட்டைக் கையையும் அதனருகே கொண்டு போகலாகாது.

எவரேனும் வெந்நீரால் சுட்டுக்கொண்டால், அவ்விடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடும்படி செய்து, சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பற்பசை, எண்ணெய், கிச்சாப்பு ஆகியவற்றைத் தடவுதல் தீமையே தரும்.

மூன்று கேள்விகள்

கொதிக்கும் எஞ்சினைக் கண்டதும் ‘எந்தச் சாமானை மாற்றலாம்?’ என்று கேட்பது தவறான தொடக்கம். நாம் கேட்க வேண்டியவை மூன்று. நீர் இருக்கிறதா? இருக்கும் நீர் ஓடுகிறதா? ஓடும் நீர் ஆறுகிறதா? இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். ஏனெனில், முதற் கேள்விக்கு விடை காணச் செலவே இல்லை. மூன்றாவதற்குப் போகப் போகத்தான் செலவு ஏறுகிறது.

நீர் இருக்கிறதா?

காலையில் எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும் நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் புட்டியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைதல் போதாது. புட்டி நிறைந்திருக்க, ரேடியேட்டர் வறண்டு கிடப்பதும் உண்டு. சூட்டில் விரிந்த நீர் மூடி வழியே புட்டிக்குப் போகிறது. ஆறும்போது அந்நீர் திரும்பி உறிஞ்சப்பட வேண்டும். மூடியிலுள்ள சிறு வால்வு கெட்டாலோ, புட்டிக்குச் செல்லும் சிறு குழாயில் வெடிப்பு இருந்தாலோ நீர் போகும், ஆனால் திரும்பாது. ஒவ்வொரு நாளும் புட்டியில் நீர் ஏறிக்கொண்டே போக, ரேடியேட்டரில் குறைந்துகொண்டே வந்தால் முதலில் மாற்ற வேண்டியது மூடியைத்தான்.

நீர் குறைந்தால் அது எங்கோ போயிருக்க வேண்டும். இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, விடிந்ததும் பார்க்கலாம். குழாய்களின் முனைகளில் வெள்ளையாகவோ துருநிறமாகவோ காய்ந்த தடம் இருந்தால் அங்கே கசிவு உண்டு. தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே நீர் சொட்டினால் பம்பின் அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்பது பொருள். குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

வெளியே சொட்டே காணவில்லை, ஆயினும் நீர் குறைகிறது என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். நீர் எஞ்சினுக்குள்ளேயே கசியக்கூடும். சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள கேஸ்கெட் பழுதானால் இவ்வாறு நேரும். அதன் அடையாளங்கள் சில: எஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வருதல், குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்ட சில நொடிகளிலேயே மேல் குழாய் கல்லைப்போல் இறுகுதல், எண்ணெய் அளக்கும் கம்பியில் எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் தோன்றுதல். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை படிந்திருந்தால் அது ஈரத்தால் வந்ததாகவும் இருக்கலாம். அளவுக் கம்பியிலேயே அந்நிறம் தெரிந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

கடைகளில் கசிவை அடைக்கும் தூளும் திரவமும் விற்கிறார்கள். வழியில் வீடு சேர்வதற்கு அவை உதவலாம். ஆனால், அமிலம் விட்டதும் பால் உறைவதைப் போல அவை உள்ளே உறைந்து, கசிந்த துளையை மட்டுமன்றி ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் அடைத்துவிடக்கூடும். அவற்றை நிலையான மருந்தாகக் கொள்ளுதல் கூடாது.

நீர் ஓடுகிறதா?

நீர் நிறைவாக இருந்தும் எஞ்சின் கொதித்தால், அது சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் வார். பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே ரப்பர் வார் தண்ணீர் பம்பையும் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. ஓடும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்து, அதைத் தொடர்ந்து சூடும் ஏறினால் வார் அறுந்திருக்கும் எனக் கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தி வாரின் நீண்ட பகுதியின் நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே தாழ வேண்டும். அதனினும் தளர்ந்திருந்தால் வார் வழுக்கும். பம்பு முழு வேகத்தில் சுழலாது.

அடுத்து தெர்மோஸ்டாட். குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயின் அருகே கையைக் கொண்டு சென்று கவனிக்கலாம். தொடக்கத்தில் அது குளிர்ந்திருக்கும். சில நிமிடங்கள் கழித்துச் சட்டெனச் சூடேறும். வாயில் திறந்துவிட்டது என்பது அதன் பொருள். அளவுமானி சிவப்பை எட்டியும் மேல் குழாய் சூடாகவில்லையெனில் வாயில் மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பின் அதனை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, நூலில் கட்டி அதனைத் தொங்கவிட்டுச் சூடாக்குக. நீர் கொதிக்குமுன்பே அது திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் புதியது போடுதல் நலம்.

‘நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் நமக்குத் தேவையில்லை’ என்று கூறி அதனை எடுத்தெறியும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இது சரியன்று. எஞ்சின் நன்றாக இயங்கவும் ஒரு குறிப்பிட்ட சூடு வேண்டும். அது கிடைக்காவிடில் பெட்ரோல் செலவு கூடுகிறது. எண்ணெயில் ஈரம் தங்கிக் கசடு சேர்கிறது. சிலிண்டர் விரைவில் தேய்கிறது. மேலும், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியை அடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அவற்றில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பகுதி ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைப்பதற்காகச் செய்த வேலை சூட்டைக் கூட்டுவதில் முடியும்.

கீழ்க் குழாயையும் மறக்கலாகாது. பம்பு நீரை உறிஞ்சுவது இதன் வழியேதான். பழகித் தளர்ந்த குழாய் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உறிஞ்சலினால் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். நின்றிருக்கும்போது பார்த்தால் குறையே தெரியாது. நெடுஞ்சாலையில் மட்டும் கொதிக்கும் வண்டியில் இதனைச் சோதிக்க வேண்டும்.

நீர் ஆறுகிறதா?

எப்போது கொதிக்கிறது என்பதே இங்கு நமக்கு வழிகாட்டி. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தைப்பூசத்தன்று குடும்பத்தோடு பத்துமலைக்குப் புறப்பட்ட ஒருவரின் கார் நெடுஞ்சாலையில் நன்றாகவே ஓடியது. கோயிலை நெருங்கி வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்தபோது கொதித்தது என்று வைத்துக்கொள்வோம். வேகமாகப் போகையில் எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றியது. நின்றபோது விசிறி அவ்வேலையைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஆகவே, இவர் பார்க்க வேண்டியது விசிறியின் பியூஸ், அதன் ரிலே, சூட்டை உணர்ந்து விசிறியை இயக்கும் சுவிட்ச், விசிறியின் மோட்டார் ஆகியவற்றையே. புதிய ரேடியேட்டர் வாங்கினால் பணம் போகும், கொதிப்பு போகாது.

இதற்கு மாறாக, ஊருக்குள் மெல்ல ஓடும்போது குறையில்லை. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தாலோ மேட்டில் ஏறினாலோதான் கொதிக்கிறது என்றால் விசிறியின்மேல் பழி போட இயலாது. எஞ்சின் அதிக வெப்பத்தை உண்டாக்கும்போது அவ்வளவையும் வெளியேற்ற ரேடியேட்டரால் முடியவில்லை என்பதே பொருள். உள்ளே துருவும் உப்புப் படிவமும் குழல்களை அடைத்திருக்கலாம். வெளியே தகடுகளின் இடையே குப்பை சேர்ந்திருக்கலாம்.

வெளிக்குப்பை தோட்டத்து வண்டிகளுக்கே உரிய தொல்லை. செம்மண் சாலையின் சேறும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்போது விழும் சருகும், லாலான் புல்லின் பஞ்சும் ரேடியேட்டரின் முகப்பில் அப்பிக்கொள்கின்றன. குளிர்சாதனம் உள்ள வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு தகட்டு அடுக்கு இருக்கும். இரண்டிற்கும் நடுவே சேரும் குப்பை வெளியில் தெரியாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். காற்றால் ஆறும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இதே விதி பொருந்தும். சிலிண்டரைச் சுற்றியுள்ள வரித் தகடுகளில் காய்ந்த சேறு ஒரு போர்வையைப் போன்றது.

ஹீட்டர் சொல்லும் செய்தி

‘குளிர்சாதனத்தையே நாடும் நம் நாட்டில் ஹீட்டர் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். இங்கு விற்கப்பட்ட பல வண்டிகளில் அது இல்லை என்பது உண்மையே. ஆயினும் கேமரன் மலையில் இன்றும் காணப்படும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் சிலவற்றிலும், ஜப்பானிலிருந்து பழையனவாக இறக்குமதியான கார்களிலும் ஹீட்டர் உண்டு. இரவில் குளிர் 15 டிகிரி அளவுக்கு இறங்கும் அம்மலையில், தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு அது கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கவும் பயன்படுகிறது.

ஹீட்டர் என்பது உள்ளே முகப்புப் பலகையின் பின்னால் இருக்கும் ஒரு சிறு ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிவந்த அதே சுடுநீர் இரண்டு குழாய்களால் அதற்குச் சென்று திரும்புகிறது. ஆகவே ஹீட்டர் சூடு தராவிடில் அது ஹீட்டரின் குறையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எஞ்சினின் குளிர்விப்பில் உள்ள குறையை முன்கூட்டியே அறிவிப்பதாகவும் இருக்கலாம்.

எஞ்சின் நன்கு சூடான பின் அவ்விரு குழாய்களின் அருகே எச்சரிக்கையாகக் கையைக் கொண்டு சென்று பார்க்க வேண்டும். இரண்டும் நன்கு சூடாக இருந்தும் உள்ளே குளிர்காற்றே வந்தால் நீர்ப்பக்கத்தில் குறையில்லை. காற்றைத் திருப்பும் பலகையோ, அதன் கம்பியோ சிக்கியிருக்கும். ஒன்று சூடாகவும் மற்றொன்று ஆறியும் இருந்தால் ஹீட்டர் அடைபட்டிருக்கலாம், அதன் வால்வு மூடியிருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைந்திருக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்து, அளவுமானியும் மேலேறாவிடில் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது அல்லது எவரோ அதனை எடுத்துவிட்டார் எனக் கொள்ளலாம்.

எல்லாவற்றினும் முக்கியமான ஓர் அடையாளம் உண்டு. எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டரிலிருந்து திடீரெனக் குளிர்காற்று வருமானால், நீர் மிகவும் குறைந்துவிட்டது என்று அறிய வேண்டும். சுடுநீர் ஹீட்டரின் உயரத்தை எட்டவில்லை. அந்நிலையில் அளவுமானியும் ஏமாற்றக்கூடும். சூட்டை உணரும் முனை நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் வற்றி அது காற்றில் நின்றால் முள் கீழே இறங்கும். முள் இறங்கிவிட்டதென்று மகிழ்ந்து ஓட்டிக்கொண்டே போனவர்கள் எஞ்சினை இழந்திருக்கிறார்கள்.

முன்னிருக்கையின் கால்மிதி ஈரமாகி, இனிப்பான வாடையும், கண்ணாடியில் எண்ணெய்ப் பசைபோன்ற மூட்டமும் தோன்றினால் ஹீட்டர் ஒழுகுகிறது. ஹீட்டரை நீக்கிவிட்டு இரு முனைகளையும் ஒரு குழாயால் இணைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. அந்தக் குழாயும் பழசாகும். பின்புறத்தில் மறைந்திருப்பதால் அது வெடிக்கும் வரை எவரும் அதனைப் பார்ப்பதில்லை.

வழியில் கொதித்தால்

முள் வழக்கத்தைவிட ஏறத் தொடங்கியதும் குளிர்சாதனத்தை நிறுத்துக. ஹீட்டர் இருந்தால் அதனை முழுச் சூட்டில் வைத்து, விசிறியையும் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிடுக. அச்சிறு ரேடியேட்டரும் ஓரளவு வெப்பத்தை வெளியேற்றும். மேட்டில் ஏறுகையில் ஒரு கியர் குறைத்து, மிதியை இலேசாக்கி ஓட்டுக. முள் சிவப்பை எட்டினாலோ, ஆவி தெரிந்தாலோ சாலையோரத்தில் பாதுகாப்பாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். ‘இன்னும் ஒரு கல்தானே’ என்னும் எண்ணமே பெருஞ்செலவின் தொடக்கம்.

கொதிக்கும் எஞ்சின்மீது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, உலோகம் வெடிக்கும். நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறந்து, சிறிது சிறிதாக நீர் ஊற்ற வேண்டும். நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். மேல் குழாய் சூடாகி, குமிழி நின்ற பின் நீரை நிறைத்து மூடலாம். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் பழுதோ என ஐயுற வேண்டும்.

நீரும் ரப்பரும்

கிணற்று நீரிலும் ஓடை நீரிலும் உப்பும் மண்ணும் கலந்திருக்கும். அவசரத்துக்கு எந்த நீரும் ஆகும். எப்போதும் அதுவே ஆகாது. கூலண்ட் என்னும் திரவம் பனி உறையும் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. பச்சை நிறத்துப் பழைய வகைக் கூலண்டை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். வெவ்வேறு வகைகளைக் கலத்தல் கூடாது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதாக எண்ணிப் பால் உறைய வைக்கும் அமிலத்தை அதில் ஊற்றலாகாது. அது உலோகத்தை அரித்துவிடும்.

கூலண்ட் பெரும்பாலும் நஞ்சு. அதன் சுவை இனிப்பானது என்பதால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும் ஆபத்து உண்டு. குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைத்தலும், கால்வாயில் கொட்டுதலும் தவிர்க்க வேண்டியவை.

ரப்பர் மரத்தோடு வாழும் நமக்கு ரப்பரின் இயல்பைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. எஞ்சினைத் தாங்கி அதிர்வை அடக்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நாம் சீவும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பரே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் இக்காலத்து ரேடியேட்டர் குழாய்கள் வெப்பத்தை மேலும் தாங்கும் செயற்கை ரப்பரால் ஆனவை. எந்த ரப்பராயினும் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறினால் ஒன்று இறுகி வெடிக்கும், அல்லது உப்பி இளகும். மாதம் ஒருமுறை, குளிர்ந்த எஞ்சினில், ஒவ்வொரு குழாயையும் விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். மங்கில் விழும் பாலைக் கண்டே மரத்தின் நலத்தை அறியும் கை, குழாயின் முதுமையையும் எளிதில் அறிந்துகொள்ளும்.

பட்டறைக்குச் செல்லும்போது

பட்டறைக்குச் சென்று ‘வண்டி கொதிக்கிறது’ என்று மட்டும் சொல்வது, மருத்துவரிடம் ‘உடம்புக்கு முடியவில்லை’ என்று சொல்வதற்கு ஒப்பாகும். நிற்கும்போது கொதிக்கிறதா, ஓடும்போதா? எத்தனை நாளுக்கு எவ்வளவு நீர் குறைகிறது? விசிறி சுழல்கிறதா? மேல் குழாய் சூடாகிறதா? இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு கேட்பார்; அவருடைய நேரமும் நம் பணமும் மிஞ்சும். எந்தச் சாமானை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் காட்டும்படி கேட்பது நம் உரிமை.

வாரத்தில் ஒரு நாள், வேலையில்லாத காலைப்பொழுதில், எஞ்சின் சூடாகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். நீரைப் பார்ப்போம், வாரை அழுத்துவோம், ரேடியேட்டர் முகப்பிலுள்ள சருகைத் தட்டிவிடுவோம். படித்த பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி இதனைக் கற்பிப்போம். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டிய வேளையில், அந்த ஐந்து நிமிடத்தின் அருமை விளங்கும்.